அது புத்தர் கோயில் அன்று, மா சோ போ கோயில்

மூன்று நாட்களாக அந்தக் காணொளி என் பக்கத்தில் வந்துகொண்டே இருக்கிறது. எடுத்தவர் யார் என்பது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும், ஆகவே பெயரைச் சொல்லப் போவதில்லை. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் இருக்கும் தியான் ஹொக் கெங் கோயிலுக்குள் நின்றுகொண்டு, "இது ஒரு சீனப் புத்தர் கோயில், உள்ளே ஏதோ ஒரு அம்மன் பொம்மை, படம் எடுக்க நல்ல இடம்" என்று அவர் சொல்லிவிட்டு நகர்ந்ததைக் கேட்டதிலிருந்து மனம் ஆறவில்லை. நம்மவர்கள் அதைச் சிரித்துக்கொண்டே பகிர்ந்ததும் அதே அளவுக்கு வலிக்கிறது.

அது புத்தர் கோயில் அன்று. அந்த "ஏதோ ஒரு அம்மன்" மாசு. ஃபூஜியானைப் பூர்வீகமாகக் கொண்ட ஹொக்கியன் சீனர்கள் வாய்நிறைய அழைக்கும் பெயர் மா சோ போ. சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தின் மெய்சோ தீவில் 960ஆம் ஆண்டு லின் குடும்பத்தில் பிறந்த பெண் என்றும், கடலில் தத்தளித்தவர்களைக் காத்தவள் என்றும், முப்பது வயதைத் தொடும் முன்பே மறைந்து தெய்வமானவள் என்றும் அவளைப் பற்றி மரபு சொல்கிறது. நம் ஊர்களில் இளம் வயதில் இறந்த பெண்ணைத் தெய்வமாக நிறுத்தி, பொங்கலிட்டுக் கும்பிடும் வழக்கத்தை அறிந்த ஒருவருக்கு இதைப் புரிந்துகொள்ளத் தனிப் படிப்பு எதுவும் வேண்டியதில்லை.

அந்த இடத்தில் எதற்காக அவளுக்குக் கோயில் எழுந்தது என்பதை ஒரு நிமிடமாவது அவர் யோசித்திருக்க வேண்டும். இன்று சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. ஆனால் 1880களில் கடலை மண்ணிட்டு நிரப்பும் வரை அந்தத் தெருதான் கரை, அலை அங்கேதான் வந்து மோதியது. தென்சீனக் கடலைப் பாய்மரக் கப்பலில் கடந்து உயிரோடு வந்து இறங்கியவர்கள், வேலை தேடும் முன்பே கரையில் இருந்த ஒரு சிறு வழிபாட்டிடத்தில் அவளுக்கு ஊதுபத்தி ஏற்றி நன்றி சொன்னார்கள். அந்தச் சிறு இடம்தான் 1839இல் தொடங்கி 1842இல் முழுக் கோயிலாயிற்று. மூலவரின் உருவம் 1840இலேயே சீனாவிலிருந்து வந்து சேர்ந்தது, அதை ஊர்வலமாக எடுத்து வந்தார்கள். சுமார் 30,000 ஸ்பானிய டாலர் செலவான அந்தத் திருப்பணிக்குப் பெரும் தொகை கொடுத்தவர் டான் டோக் செங். நம் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் நாம் ஓடுகிற மருத்துவமனைக்கு அவர் பெயர்தான். அவர் எழுப்பித்த கோயிலைப் படம் எடுக்கும் இடம் என்று சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கட்டட வேலையையாவது அவர் நிமிர்ந்து பார்த்திருக்கலாம். மரமும் கல்லும் சீனாவிலிருந்தே கப்பலில் வந்தன. கூரையின் பாரத்தைத் தாங்கும் மர அடுக்குகளை ஆணியால் அடித்து நிறுத்தவில்லை. துளையும் கழுந்துமாக ஒன்றையொன்று கவ்வி நிற்கின்றன. நம் கோயில் தூண்களின் தலையில் போதிகை செய்கிற வேலையை, அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் மரக்கைகள் செய்கின்றன. முகட்டின் இரு முனைகளும் தகைவிலான் குருவியின் வால்போல் பிளந்து மேலே வளைந்திருப்பது ஹொக்கியன் கட்டடக் கலையின் அடையாளம். முகட்டின்மேல் இருக்கும் டிராகன்களின் செதில்கள் வெறும் வண்ணப்பூச்சு அல்ல, உடைத்த பீங்கான் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பதித்து ஆக்கியவை. வாயிலின் இரும்புக் கதவுகளோ கிளாஸ்கோவில் வார்க்கப்பட்டு, 1906ஆம் ஆண்டுத் திருப்பணியின்போது வந்து சேர்ந்தவை. சன்னிதியில் சீனப் பேரரசர் குவாங்ஷு 1907இல் அனுப்பிய வாசகம் இருக்கிறது. தென்கடலில் அலைகள் அடங்கட்டும் என்ற பொருள்பட நான்கே எழுத்துகள். காணொளியில் அந்தப் பலகை அவருடைய தலைக்கு மேலேயே தெரிகிறது.

"பின் மண்டபத்தில் குவான் யின் இருக்கிறாளே, பிறகு புத்தர் கோயில் என்றால் என்ன தவறு?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். கருணைத் தெய்வமான குவான் யின் பௌத்த வழியில் வந்தவள் என்பது உண்மை. ஆனால் அதே வளாகத்தில் கன்ஃபூசியஸும் இருக்கிறார். மாசுவின் இரு பக்கங்களிலும் போர்வீரர் குவான் காங்கும் மருத்துவத் தெய்வமான பாவ்செங் தாதியும் இருக்கிறார்கள். எல்லோரையும் ஒரே கூரையின்கீழ் வைத்துக் கும்பிடுவதுதான் சீன நாட்டார் வழிபாடு. மதுரை வீரனுக்கு அருகில் பிள்ளையார் இருப்பதால் அதைப் பிள்ளையார் கோயில் என்று எவரேனும் பெயர் மாற்றினால் நாம் சும்மா இருப்போமா?

இன்னொருவர், "நம் கோயில்களைப் பற்றிப் பேசாமல் சீனர்களுக்கு ஏன் வக்காலத்து?" என்று எழுதினார். இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

என் அப்பா 1950களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். அவர் ஏறும் முன்பு என் பாட்டி நாகூருக்குப் போய், கப்பல் நல்லபடியாகக் கரை சேர வேண்டும் என்று ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டு வந்தாள். இங்கே வந்து இறங்கிய அப்பா முதல் வாரத்திலேயே தெலுக் ஆயருக்குப் போனார். 1830 வாக்கில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா அதே தெருவில், மா சோ போ கோயிலுக்குச் சில அடி தூரத்தில் இருக்கிறது. நாங்கள் முஸ்லிம்கள் அல்லர். கடல் கடந்து வந்தவருக்கு அதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை. ஒரே கரையில், ஒரே அச்சத்தோடு வந்து இறங்கியவர்கள், அவரவர் அறிந்த பெயரைச் சொல்லி நன்றி செலுத்திய தெரு அது.

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மதியம் நான் அந்தக் கோயிலுக்குள் நுழைந்தேன். வாசலில் குறுக்கே உயரமாக நிற்கும் நிலைப்படியை மிதிக்காமல் தாண்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தி, மலாயில் சொல்லிக் கொடுத்துத் தாண்ட வைத்தார். பிறகு பிறைநிலா வடிவில் சிவப்புச் சாயம் பூசிய இரண்டு மரத்துண்டுகளை மா சோ போவின் முன்பு தரையில் போட்டார். தட்டைப் பக்கம் ஒன்றில் மேலாகவும் மற்றொன்றில் கீழாகவும் விழுந்தால் அம்மன் சம்மதித்தாள் என்று பொருள். மூன்றாம் முறைதான் அப்படி விழுந்தது. மகன் கப்பலில் வேலை செய்கிறான் என்று மட்டும் சொன்னார். அவர் புறங்கையில் ஊதுபத்திச் சாம்பல் உதிர்ந்து கிடந்தது, அதைத் தட்டிவிடக்கூட இல்லை. நாகூரிலிருந்து திரும்பிய என் பாட்டியும் இப்படித்தான் நின்றிருப்பாள்.

அந்த மூதாட்டி கும்பிட்டதைத்தான் பொம்மை என்று சொல்லியிருக்கிறார்கள். இதை வக்காலத்து என்று சொன்னவருக்கு, வாட்டர்லூ ஸ்திரீட்டில் நம் கிருஷ்ணன் கோயில் வாசலில் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போகும் சீனர்கள் யாருக்கு வக்காலத்து வாங்குகிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. அவர்கள் நம் கிருஷ்ணனை ஏதோ ஒரு பொம்மை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"சின்னத் தவறு, விட்டுவிடுங்கள்" என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பெயரை மட்டும் திருத்துங்கள் என்று அந்தக் காணொளியின் கீழே மரியாதையாக நான்கு வரி எழுதினேன். மறுநாள் காலையில் அந்த நான்கு வரிகளும் அங்கே இல்லை. காணொளி மட்டும் அப்படியே இருக்கிறது.