பாண்டி பீச் ரோட்டில் மாலை ஆறு மணிக்கு மேல்

பாண்டிச்சேரிக்கு வருகிறவர்கள் மஞ்சள் சுவரையும் காகிதப்பூவையும் படம் எடுத்துப் போட்டு, பிரெஞ்சு அழகு என்று எழுதுகிறார்கள். எழுதட்டும். ஆனால் இந்த ஊரில் இவ்வளவு ஜனம் கூடுவதற்கும் அந்தச் சுவர்களுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது என்பது என் கட்சி.

பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் ஊரே இரண்டாகத்தான் கிடந்தது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே அவர்கள், மேற்கே நாம். இப்போது பிள்ளைகள் ஓடி விளையாடும் பாரதி பூங்கா, அன்று கவர்னர் மாளிகைக்கு எதிரே இருந்த அரசுத் திடல். ஊர் உண்மையாகத் திரண்டது என்றால் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேருக்குத்தான். பிரெஞ்சு கவர்னரே அங்கே போய் வடம் பிடித்தார். ஆடித் தேருக்குத் துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

1954 நவம்பர் 1-இல் ஆட்சி கை மாறியது. அப்புறம் கடற்கரையில் காந்தி சிலை வந்தது. சுற்றிலும் செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல் தூண்கள். இன்றைக்கு யாரை எங்கே பார்க்க வேண்டும் என்றாலும் "காந்தி சிலைகிட்ட வந்துடு" என்றால் போதும்.

ஆனால் அந்த இடத்தை ஊருக்குச் சொந்தமாக்கியது சிலைகூட இல்லை, ஒரு சாதாரண போக்குவரத்து விதி. மாலை 6 மணிக்குத் தடுப்பை இழுத்துப் போடுவார்கள். மறுநாள் காலை 7.30 வரை வண்டி கிடையாது. அவ்வளவுதான் விஷயம். லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை, பாகூர், இந்தப் பக்கம் கடலூர் என்று எல்லா ஊர்க் குடும்பமும் வந்து கடலோரச் சுவர்மேல் உட்காரும். சுண்டல் வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி. என்ன சாப்பிடுறீங்க என்று யாரும் தலைமாட்டில் வந்து நிற்க மாட்டார்கள். கையில் காசில்லாதவன் கௌரவமாக மூன்று மணி நேரம் உட்கார நம் ஊர்களில் வேறு எத்தனை இடம் இருக்கிறது?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நம் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் நீட்டினார்கள். மணல் அங்கேயே தேங்கியது. வடக்கே இருந்த நம் கரையைக் கடல் தின்றது. பாறாங்கல்லைக் கொட்டித்தான் சாலையைக் காப்பாற்ற முடிந்தது. வெளியூர்க்காரர்கள் "பீச் எங்கே?" என்று கேட்டால் சாலையைக் காட்ட வேண்டிய நிலை. ஒரு தலைமுறையே அப்படித்தான் வளர்ந்தது. கால் நனைக்க மணல் இல்லாததால் கூட்டம் சாலைக்கு ஏறியது, சாலையே பீச் ஆனது. பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்தார்கள். கொஞ்சம் மணல் திரும்பியது, ஜனம் மறுபடி இறங்கியது.

என் குறை வேறு. ஊர் கூடுவதற்கான அத்தனை ஏற்பாடும் வாய்க்காலுக்குக் கிழக்கேயே நின்றுவிட்டது. சனி, ஞாயிறில் சென்னை, பெங்களூர் கார்கள் அந்த நாலு தெருவை அடைத்துக்கொண்டால் உள்ளூர்க்காரன் பீச்சுக்குப் போகவே யோசிக்கிறான். மேற்கே வைசியாள் வீதியைப் பாருங்கள். திண்ணையும், தெருவைப் பார்த்த தாழ்வாரமும் வைத்துக் கட்டிய வீடுகள். வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்கட்டும் என்று நினைத்த கட்டடக்கலை அது. அந்த வீதியைச் சீரமைத்ததற்கு 2008-இல் யுனெஸ்கோ விருதே வந்தது. மற்ற தெருக்களில் திண்ணையை இடித்துக் கடை போட்டாயிற்று. மிச்ச இடத்தில் பைக் நிற்கிறது.

இத்தனைக்கும் இங்கே கூட்டத்துக்குப் பஞ்சமா? காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஞாயிறு தோறும் தோள் இடித்துத்தான் நடக்க வேண்டும். துணி, செருப்பு, பாத்திரம் என்று வாங்கி முடித்தவர்களுக்கு உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. அதனால் நான் கேட்பது இதுதான்: பீச் ரோட்டுக்குப் போட்ட அதே தடுப்பை ஞாயிறு மாலையில் வாய்க்காலுக்கு மேற்கே கடைகள் நிறைந்த நேரு வீதிக்கும் போடுங்கள். நாலு பெஞ்சு, குடிதண்ணீர், பெண்கள் நம்பிப் போகக்கூடிய கழிப்பறை. வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். வண்டி நிறுத்த இடம் தேடி மூன்று சுற்று சுற்றிவிட்டு ஒன்றும் வாங்காமல் வீட்டுக்குப் போகிறவர்களை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு வைத்துப் பார்க்கலாம். அன்றைய கல்லாவை எண்ணிவிட்டு அவர்களே சொல்லட்டும்.