மில்லிங் நடந்ததா என்று கேட்காதீர்கள், எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள்

தெருவில் புது ரோடு போட்டதும் படம் எடுத்து, கவுன்சிலருக்கு நன்றி சொல்லிப் பதிவு போடுவது நம் வழக்கம். அந்த ரோடு போன வருஷத்தைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று யாரும் அளப்பதில்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் வாசலைத் தாண்டி ஹாலுக்குள் வரும்போதுதான் கணக்குப் புரிகிறது.

கணக்கு ரொம்பச் சின்னது. தெருக்களில் மேலே போடும் தார் அடுக்கின் கனம் பொதுவாக 30 முதல் 50 மி.மீ. பழைய ரோட்டைப் பெயர்க்காமல் 40 மி.மீ. வீதம் ஐந்து தடவை போட்டால் 20 செ.மீ. ஒரு வாசற்படியின் உயரம் 15 செ.மீ. சுமார்தான். மேற்கு மாம்பலம், பெரம்பூர் மாதிரிப் பழைய பகுதிகளில் தெருவிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போகும் வாசல்களைப் பார்த்திருப்பீர்கள். அவையும் ஒரு காலத்தில் படியேறிப் போகிற வீடுகளாகத்தான் கட்டப்பட்டன. வீடு புதையவில்லை, ரோடு ஏறியது.

2021-இல் தலைமைச் செயலராக இருந்த இறையன்பு, பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு எழுதினார். அதிலிருந்து, இப்படி மெஷினால் சுரண்டி எடுப்பதைக் குறிக்கும் ‘மில்லிங்’ என்ற சொல் எல்லார் வாயிலும் புழங்குகிறது. நல்லதுதான். ஆனால் இப்போது பல இடங்களில் மில்லிங் ஒரு சடங்காக நடக்கிறது. மெஷின் வந்தது, சத்தம் கேட்டது, தூசி பறந்தது, ஆகவே ரோடு ஏறாது என்று நாம் நம்பிவிடுகிறோம். 10 மி.மீ. சுரண்டி 40 மி.மீ. போட்டால் ரோடு 30 மி.மீ. ஏறத்தான் செய்யும். சுரண்டிய ஆழமும் போட்ட கனமும் சமமாக இருந்தால்தான் மட்டம் நிற்கும்.

இன்னொரு கோளாறு இதைவிட நுணுக்கமானது. மில்லிங் மெஷினின் உருளை ரோட்டின் நடுவில் சுலபமாக ஓடும். ஓரத்தில் கேட் சாய்தளம், மின்பெட்டி, நிறுத்திய கார் என்று ஏதாவது இடிக்கும். அதனால் நடுவை மட்டும் சுரண்டிவிட்டு ஓரத்தில் ஒன்றரை அடியை அப்படியே விட்டுவிடுவார்கள். தார் போடும்போது மட்டும் இந்தக் கம்பவுண்டுச் சுவரிலிருந்து அந்தக் கம்பவுண்டுச் சுவர் வரை போடுவார்கள். விளைவு, வீடுகள் இருக்கிற ஓரத்தில் முழுசாக 40 மி.மீ. ஏறும். நடுவில் அளந்து பார்க்கிற பொறியாளருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஓரத்தில் சிறிய மெஷினோ கையால் பிடித்து உடைக்கும் பிரேக்கரோ வைத்துப் பெயர்த்தாக வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும் என்பதால் முதலில் விட்டுப்போவது இந்த வேலைதான்.

ரோடு ஏறினால் மழைத்தண்ணீர் மட்டும்தானே வரும் என்று நினைப்பவர்கள் கழிவுநீர்க் குழாயை மறந்துவிடுகிறார்கள். தெருவில் இருக்கும் மேன்ஹோல் மூடி ரோட்டோடு சேர்ந்து உயர்த்தப்படுகிறது. வீட்டுக்குள் இருக்கும் சேம்பரும் (கழிவுநீர்த் தொட்டி) குளியலறை வடிகாலும் பழைய மட்டத்திலேயே நிற்கின்றன. பிரதானக் குழாய் அடைத்துக்கொண்டால் கழிவுநீர் எங்கே தாழ்வான வாய் இருக்கிறதோ அங்கேதான் பொங்கும். முன்பு அந்த வாய் தெரு மேன்ஹோல். இப்போது உங்கள் குளியலறை. தரைமட்ட சம்ப் (குடிநீர்த் தொட்டி) வைத்திருக்கும் வீடுகளில் குடிதண்ணீரும் இதோடு கெடுகிறது.

அந்த மேன்ஹோலேதான் நமக்கு இருக்கும் நல்ல சாட்சி. ரோட்டோடு மட்டமாக இருந்த மூடி, புது ரோடு போட்டதும் 4 செ.மீ. குழிக்குள் போய்விட்டால் ரோடு 4 செ.மீ. ஏறியிருக்கிறது என்று அர்த்தம். விவாதமே தேவையில்லை. ஆனால் சில நாளில் செங்கல் வைத்துப் பூசி மூடியை உயர்த்திவிடுவார்கள், சாட்சி போய்விடும். ஆகவே தார் ஆறியவுடன் மூடியின் மேல் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள்.

மேன்ஹோலை மட்டும் நம்ப வேண்டாம் என்றால் மேஸ்திரிகள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டியூப் பத்து, பதினைந்து மீட்டர் எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். குமிழி இருக்கக் கூடாது. இருந்தால் அளவு பொய் சொல்லும். ஒரு முனையில் தண்ணீர் உங்கள் வாசற்படி மட்டத்தில் நிற்கும்படி பிடித்து, மறுமுனையில் தண்ணீர் நிற்கும் மட்டத்தை எதிரே ஒரு தடியில் குறித்து, அங்கிருந்து ரோடு வரை டேப்பில் அளந்தால் முடிந்தது. ரோட்டின் இரண்டு ஓரம், நடு என மூன்று இடம். நூறு மீட்டர் தெருவுக்கு ஐந்து வீட்டு வாசலில் எடுத்தால் போதுமானது. தேதியோடு எழுதி வையுங்கள். ரோடு போட்ட பிறகு அதே இடங்களில் திரும்ப அளக்க வேண்டும். மின்கம்பத்தில் கோடு போட்டுக் குறிப்பவர்கள் உண்டு. கம்பத்தை மாற்றினால் குறியும் போய்விடும். வீட்டின் அடித்தளம் நகராது.

இதே அளவில் இன்னொன்றும் தெரிந்துவிடும். தார் ரோட்டின் நடுப்பகுதி ஓரத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். 2.5 சதவீதச் சரிவு என்றால் ஆறு மீட்டர் அகலத் தெருவில் நடுவிலிருந்து ஓரத்துக்கு 7.5 செ.மீ. இறக்கம். ஓரம் ஏறிப்போனால் இந்தச் சரிவு செத்துவிடும். தண்ணீர் வடிகால் வாயைத் தேடிப் போகாமல் நடுத்தெருவிலேயே நிற்கும், தாரும் சீக்கிரம் பெயரும்.

பொறியாளர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். உட்புறத் தெருக்கள் சிலவற்றில் மொத்தத் தாரே 20, 25 மி.மீ.தான் இருக்கும். அதில் 40 மி.மீ. சுரண்டினால் அடியில் உள்ள ஜல்லி வெளியே வந்துவிடும். மின்கேபிளும் வீட்டுக் குடிநீர் இணைப்பும் ஆழமில்லாமல் கிடந்தால் அறுந்துபோகும். இதெல்லாம் உண்மை. அப்படிப்பட்ட தெருவில் மில்லிங் போதாது. அடித்தளத்தையே தோண்டி எடுத்து, புது ஜல்லி போட்டு இறுக்கி, அதன் மேல் தார் போட வேண்டும். செலவு கூடும். அதை மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லிக் கேட்பதுதான் சரியே தவிர, ‘சுரண்ட முடியாது, மேலேயே போடுகிறோம்’ என்பதை ஒப்புக்கொள்ள முடியாது.

சுரண்டிய பிறகு வாரக்கணக்கில் அப்படியே விடுவது அடுத்த தலைவலி. வண்டி ஓடி, மழை இறங்கி, அடித்தளம் குலைந்துவிடும். அதோடு அந்தத் தூசி. கம்ப்ரஸரில் ஊதிச் சுத்தம் செய்து, சதுர மீட்டருக்கு 200, 300 கிராம் தார்க் குழம்பு தெளித்து, அதன் பிறகுதான் கலவை போட வேண்டும். தூசி மேலேயே போட்டால் புது அடுக்கு பழையதோடு ஒட்டாது, அடுத்த மழைக்கு அப்பளம் அப்பளமாகப் பெயரும். சாதாரணத் தார்க் கலவை விரிக்கும்போது 140 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது, ரோலர் ஓடி முடிக்கும்போது 90-க்குக் கீழே போகக் கூடாது. நள்ளிரவில் நெரிசலில் மாட்டி ஆறிப்போய் வரும் லாரியைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனசு வருவதில்லை.

சிமெண்ட் ரோடு கேட்டு மனு போடுகிறவர்கள் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அதன் கனம் 15 முதல் 20 செ.மீ. இருக்கும். தோண்டாமல் போட்டால் நான்கைந்து தார் ரோட்டின் ஏற்றம் ஒரே நாளில் வந்துவிடும். பிறகு அதைச் சுரண்டுவது லேசுப்பட்ட வேலையும் இல்லை.

வேலை தொடங்கும் முன் உதவிப் பொறியாளரிடம் இரண்டு எண் மட்டும் கேளுங்கள்: சுரண்டும் ஆழம் எவ்வளவு, போடும் கனம் எவ்வளவு. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு. பணி ஆணை, மதிப்பீடு, அளவுப் புத்தகத்தில் மில்லிங் பதிவான பக்கம், பழுதுப் பொறுப்புக் காலம் (ரோடு பெயர்ந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம்) ஆகியவற்றின் நகல் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். சுரண்டிய பொருளின் கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள்: 100 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலத்தில் 40 மி.மீ. சுரண்டினால் 24 கன மீட்டர், ஏறக்குறைய 55 டன் வரும். பத்து டன் லாரியில் ஆறு நடை. உங்கள் தெருவிலிருந்து இரண்டு லாரிதான் போனது என்றால் பாக்கி ரோட்டிலேயேதான் இருக்கிறது. அதே சட்டத்தின் பிரிவு 2(ஜே)-யைப் படித்துப் பாருங்கள்: காகிதம் கேட்பதோடு, வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றளித்த மாதிரியை வாங்கவும் அதில் இடம் இருக்கிறது.