எதிர்ப்பு சக்தியை ‘ஏற்றினால்’ வைரஸ் ஓடிவிடுமா?

“இம்யூனிட்டியை ஏத்துங்க” என்று யாராவது அறிவுரை சொன்னால் எனக்கு உடனே எச்ஐவிதான் நினைவுக்கு வரும். இம்யூனிட்டி பவுடர் விற்பவர்களுக்கு அறவே பிடிக்காத உதாரணம் அது.

வைரஸ் நுழைந்துவிட்டால் நம் செல்கள் சைட்டோகைன் என்ற சிறு புரதங்களைச் சுரந்து ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்கின்றன. அவற்றில் ஒன்று டிஎன்எஃப்-ஆல்ஃபா. அது டி செல் என்ற வெள்ளையணுவின் மேல் வந்து ஒட்டியதும், உள்ளே சும்மா கிடந்த என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் உட்கருவுக்குள் போய், சண்டைக்கு வேண்டிய மரபணுக்களை இயக்கிவிடும். இதுவரை சரி. ஆனால் எச்ஐவி தன் மரபணுக்களை இதே டி செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகி வைத்திருக்கிறது. அந்தச் செருகலின் தொடக்கத்தில், இதே என்எஃப்-கப்பா-பி வந்து உட்கார இடமும் வைத்திருக்கிறது! 1987லேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆக, “எழுந்திரு, எதிரி வந்துவிட்டான்” என்று உடல் அனுப்பும் சேதியை எதிரியும் கேட்டு எழுந்துகொள்கிறான். எச்ஐவி உள்ளவருக்குக் காசநோயும் வந்தால் ரத்தத்தில் வைரஸ் அளவு ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கே போய் எதை ஏற்றச் சொல்கிறீர்கள்?

அப்படியென்றால் இந்தச் சேதிகளே ஆபத்தா? இல்லை. 1957ல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மான் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், சூட்டில் செயலிழக்க வைத்த ஃப்ளூ வைரஸைக் கோழி முட்டைச் சவ்வில் விட்டுப் பார்த்தார்கள். (வைரஸ் ஆராய்ச்சியின் பாதி வரலாறு கோழி முட்டைக்குள்தான் நடந்திருக்கிறது.) பிறகு உயிருள்ள வைரஸை விட்டால், அது அங்கே வளர மறுத்தது. அப்படிக் கிடைத்த சைட்டோகைன்தான் இன்டர்ஃபெரான். தொற்றிய செல் இதை வெளியே விட, பக்கத்துச் செல்களில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் முடுக்கிவிடப்படுகின்றன. ஒரு புரதம் புரத உற்பத்தியையே நிறுத்துகிறது, இன்னொன்று ஆர்என்ஏவைத் துண்டுதுண்டாக வெட்டுகிறது. வைரஸின் ஆர்என்ஏவை மட்டுமல்ல, செல்லின் சொந்த ஆர்என்ஏவையும்தான். ஃப்ளூவில் நம்மைப் படுக்கப்போடும் காய்ச்சலிலும் உடம்புவலியிலும் பெரும்பங்கு வைரஸுடையது அல்ல, இந்தச் சேதிகளுடையது. ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் தொற்று உள்ளவர்களுக்கு இன்டர்ஃபெரானை 24, 48 வாரங்கள் ஊசியாகப் போட்ட காலத்தில் சிலர் கடும் மனச்சோர்வில் விழுந்தார்கள். நல்ல மாத்திரைகள் வந்ததும் எல்லோரும் அதைக் கைவிட்டதில் வியப்பில்லை.

என் கட்சி இதுதான்: எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதே முக்கியம். கொரோனாவே இதைக் காட்டிவிட்டது. கடுமையான நிமோனியா வந்தவர்களில் குறைந்தது 10 சதவீதம் பேரின் உடலில், அவர்களுடைய சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்புரதங்கள் (ஆன்டிபாடிகள்) இருந்ததாக 2020ல் தெரியவந்தது. தொடக்கத்தில் சேதி போகாததால் வைரஸ் இஷ்டத்துக்குப் பெருகியது. அதே ஆண்டில், எதிர்ப்பு சக்தியை அடக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற மருந்து, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை. அப்புறம், மருத்துவமனையில் சேர்ந்துவிட்ட நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரானில் ஒரு வகையான இன்டர்ஃபெரான்-பீட்டா கொடுத்துப் பார்த்த உலக சுகாதார நிறுவனத்தின் பெரிய ஆய்வில் இறப்பு குறையவில்லை. வண்டி கிளம்பிப் போன பிறகு டிக்கெட் எடுத்த கதைதான்.

எனக்கு இப்போது ஆர்வமெல்லாம் இன்டர்ஃபெரான்-லாம்டா என்ற இன்னொரு வகையின் மேல். அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் பெரும்பாலும் நுரையீரல், குடல் போன்றவற்றின் மேற்பரப்புச் செல்களில்தான் இருக்கின்றன, அதனால் உடல் முழுவதையும் அவ்வளவாக உலுக்குவதில்லை. கொரோனா அறிகுறி தொடங்கிய 7 நாட்களுக்குள் ஒரே ஓர் ஊசி. மருத்துவமனையில் சேரும் அல்லது அவசர சிகிச்சைக்குப் போகும் நிலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2023ல் முடிவு வெளியானது.