மலைப் பிள்ளையும் கடப்புறத்துப் பிள்ளையும் சேர்ந்து நடக்கட்டும்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டது. நாகர்கோவிலில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் பயிற்சி முகாம் விளம்பரம்தான். அபாகஸ், கையெழுத்து, மேடைப்பேச்சு, தலைமைப் பண்பு என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். மற்றவை எப்படியோ போகட்டும். தலைமைப் பண்பை ஒரு குளிர்சாதன மண்டபத்துக்குள் இரண்டு நாளில் பிள்ளைக்கு ஏற்றிவிடலாம் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பல வருடங்களாகப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன், விடுமுறைகளில் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டும் போகிறேன். கண்ணால் கண்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடம் நம் குமரி மாவட்டத்துக்கு. எல்லா ஊரிலும் பள்ளிக்கூடம், எல்லா வீட்டிலும் ஒரு பட்டதாரி. இதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் 480 மதிப்பெண் வாங்குகிற பிள்ளை பேருந்தில் நடத்துநரிடம் இறங்குமிடத்தைக் கேட்பதற்கு அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள். கரும்பலகையில் கணக்குப் போடச் சொன்னால் அழகாகப் போடுகிற பையன், "எனக்குப் புரியல டீச்சர்" என்று ஒரு நாளும் எழுந்து சொன்னதில்லை. குறை பிள்ளைகளுடையது இல்லை. பேனாவைத் தவிர வேறு எதையும் நாம் அவர்களை நம்பிக் கொடுப்பதில்லை. அடுப்பு, கத்தி, பணம், தம்பி தங்கை என்று எதுவாக இருந்தாலும், "நீ படி, நான் பாத்துக்கிடுதேன்" என்று நாமே வாங்கிக்கொள்கிறோம்.

பழையாற்றங்கரையில் நடந்துபோன ஒரு முகாமைச் சொல்கிறேன். பிள்ளைகளைச் சிறு சிறு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொறுப்பு கொடுத்திருந்தோம். குடிநீர்ப் பொறுப்பு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு வந்தது. வகுப்பில் அவள் குரலையே யாரும் கேட்டதில்லை. அடுத்த குடிநீர் எங்கே கிடைக்கும், யாரிடம் கேட்பது, எத்தனை குடம் வேண்டும், யார் யார் தூக்குவது என்று எல்லாம் அவள்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் நாள் மத்தியானம் தண்ணீர் குறைந்துவிட்டது. பெரியவர்கள் நாங்கள் யாரும் எழுந்து போகவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்றாள், அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். பிறகு இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள். வெளியே வந்த பாட்டி, "வா மக்ளே, எவ்வளவு வேணும்னாலும் கோரிட்டுப் போ" என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் அடுத்த நாளுக்கான கணக்கை நோட்டில் எழுதிக் காட்டிவிட்டாள். மூன்றாம் நாள், தன்னைவிடப் பெரிய ஒரு பத்தாம் வகுப்புப் பையன் பாத்திரம் கழுவத் தண்ணீரை வீணாக்கியபோது நேருக்கு நேர் நின்று கண்டித்தாள். அவனும் கேட்டுக்கொண்டான், ஏனென்றால் அந்தத் தண்ணீர் எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரியும்.

எந்தப் பேச்சாளரும் அவளுக்கு "நீ தன்னம்பிக்கையோடு இரு" என்று சொல்லவில்லை. முப்பது பேரின் தாகம் அவள் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

இதில் புதிதாக ஒன்றும் இல்லை. சாரணர் இயக்கமே இப்படித்தான் தொடங்கியது. 1907 ஆகஸ்டில் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவுக்கு இருபது சொச்சம் பையன்களைக் கூட்டிப்போனார். பணக்காரப் பள்ளிகளில் படித்தவர்களும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தார்கள். அவர்களை நான்கு குழுவாக்கி, ஒவ்வொன்றுக்கும் அவர்களில் ஒருவனையே தலைவனாக்கினார். 1941-இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவியில் கர்ட் ஹான் தொடங்கிய அவுட்வர்ட் பவுண்ட் பள்ளிக்குப் பின்னால் இன்னும் கனமான காரணம் இருந்தது. போரில் கப்பல் மூழ்கும்போது, உயிர்காப்புப் படகில் வயதான மாலுமிகள் தாக்குப்பிடித்தார்கள், உடம்பில் வலுவுள்ள இளைஞர்கள் முதலில் மனம் விட்டு இறந்துபோனார்கள் என்பதைக் கப்பல் முதலாளி லாரன்ஸ் ஹோல்ட் கவனித்தார். தசையில் இருந்த பலம் மனதில் இல்லை. அதை வளர்க்கத்தான் கடலிலும் மலையிலும் ஏறக்குறைய ஒரு மாதப் பயிற்சி வைத்தார்கள்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். காலையில் ரப்பர் காட்டில் நின்றுவிட்டு மத்தியானம் வயல் வரப்பில் சாப்பிட்டு, இருட்டுமுன் கடலில் கால் நனைக்கலாம். இப்படி ஒரு நிலம் வேறு எங்கே இருக்கிறது? சுருளோட்டுப் பக்கம் மலையிலிருந்து இறங்கும் பழையாறு பூதப்பாண்டி, வீரநாராயணமங்கலம், ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியாக மணக்குடியில் கடலைச் சேர்கிறது. மூன்று நாளில் முழு ஆற்றையும் பிள்ளைகளால் நடந்து முடித்துவிட முடியும். மேலே கண்ணாடி மாதிரி ஓடுகிற தண்ணீர் நகரத்தைத் தாண்டும்போது என்ன நிறமாகிறது என்பதைப் பார்த்த பிள்ளைக்கு மாசு பற்றி நான் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைந்த வயல்களில் எத்தனை இன்று வீட்டு மனை என்பதையும் அவர்களே எண்ணுவார்கள். ஜனவரியில் போனால் சுசீந்திரம், தேரூர் குளங்களில் கூழைக்கடாவும் பவளக்கால் உள்ளானும் பார்க்கலாம். இந்தக் குளங்கள் 2022-இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் காக்கப்பட வேண்டிய நீர்நிலையாக அறிவிக்கப்பட்டவை, ஆனால் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கே அது தெரியாது. அரையாண்டு விடுமுறையில் வைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கிறிஸ்துமஸ் நேரத்தில் நம் ஊரில் யார் பிள்ளையை வெளியே விடுவார்கள்? பொங்கல் விடுமுறையை ஒட்டி ஒன்று, மே முதல் வாரத்தில் ஒன்று என்பதுதான் சரிப்பட்டு வருகிறது. ஜூன் வந்துவிட்டால் மழை பிடித்துக்கொள்ளும்.

எனக்கு இதில் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது வேறு. கீரிப்பாறையில் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் முட்டத்தில் வள்ளக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம்தான் இருக்கிறது. ஆனாலும் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை அவர்கள் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். ஊர் வேறு, சாதி வேறு, கோயில் வேறு, பள்ளிக்கூடமும் அதன்படியே வேறு. ஒருவரைப் பற்றி மற்றவர் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். 1982-இல் மண்டைக்காட்டில் தொடங்கிய கலவரத்தைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். உயிர்கள் போயின, குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அதைப் பற்றி வாய்திறக்காமல் வளர்ந்த தலைமுறை என்னுடையது. பயம் மட்டும் பேச்சில்லாமலே கைமாறிக்கொண்டிருக்கிறது.

ஒரு ராத்திரி, சாப்பாடு முடிந்து பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு எப்படியோ ஒக்கிப் புயலுக்குப் போனது. 2017 நவம்பர் 30. இவர்கள் அப்போது பால்வாடிப் பருவம். மலைப்பக்கத்துப் பையன், தங்கள் பக்கம் ரப்பர் மரமெல்லாம் முறிந்து விழுந்து அப்பாவுக்கு மாதக்கணக்கில் வேலை இல்லாமல் போனதைச் சொன்னான். எதிரில் இருந்த கடப்புறத்துப் பெண் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க சித்தப்பா கடலுக்குப் போன படகு திரும்பி வரல" என்றாள். அந்தப் பையன் எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். ஒரே காற்று இரண்டு வீட்டையும் அடித்திருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் அன்றுவரை தெரியாது. அந்தப் பிள்ளைகள் இப்போதும் தொடர்பில் இருக்கிறார்கள். நாளைக்கு நம் ஊரில் எவராவது வந்து வெறுப்பைத் தூண்டினால், "இல்ல, எனக்கு அவங்களத் தெரியும்" என்று சொல்ல நான்கு பேர் இருப்பார்கள். தலைமை என்று நான் நம்புவது இதைத்தான். அதனால் ஒரே பள்ளிப் பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு போகும் முகாம் எனக்குப் பாதி முகாம்தான்.

அடுத்து, சொல்லிக்கொடுப்பது யார்? வெளியூரிலிருந்து பெரிய தொகை கொடுத்துப் பயிற்சியாளரை வரவழைக்கிறார்கள். கரையில் தெரியும் மலைமுகட்டையும் கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து, கடலுக்கடியில் பார் (மீன் கூடும் பாறைத் திட்டு) எங்கே இருக்கிறதென்று சொல்லும் முதியவர்கள் நம் கடற்கரை ஊர்களில் இன்னமும் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வடிவியல் பாடம் கிடையாது. பேச்சிப்பாறை மலைப்பக்கம் காணிப் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். 1987-இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிப் போன கேரளக் காணிகள் களைப்பே இல்லாமல் ஏறியதற்கு அவர்கள் தின்ற ஆரோக்கியப்பச்சைக் காய்தான் காரணம் என்று தெரிந்து, பிறகு அதிலிருந்து மருந்து தயாரித்து, வருமானத்தில் ஒரு பங்கு அந்தச் சமூகத்துக்கே போனது. பனையேறிகளும் இருக்கிறார்கள். விடியற்காலையில் அக்கானி (பதநீர்) இறக்குவதைப் பிள்ளைகள் நின்று பார்க்கட்டும். இவர்களை வெறுமனே வேடிக்கை காட்ட அழைக்காமல் ஆசிரியராக அழைக்க வேண்டும், ஆசிரியருக்குரிய மதிப்பூதியமும் கொடுக்க வேண்டும். தன் தாத்தாவின் முன்னால் நகரத்துப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் மீனவர் வீட்டுப் பேரனுக்கு முதுகு நிமிரும்.

பெற்றோரின் கேள்வி எனக்குத் தெரியும். "பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுண்ணா யாரு பதில் சொல்லுவா டீச்சர்?" நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து இளைஞர்களை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல், அதாவது காற்றோ மழையோ இல்லாமலே திடீரென்று கடல் பொங்கிக் கரையேறும் என்ற எச்சரிக்கை இருந்த நாள் அது. கடலைத் தெரியாதவர்களுக்கு அந்த எச்சரிக்கையின் அர்த்தம் எட்டவில்லை. அதனால் முகாமில் கடல் குளியல் கிடையாது, கரையில் நின்று கற்பதுதான். அலையைப் படிக்கத் தெரிந்த உள்ளூர்க்காரர் சொன்ன கோட்டைத் தாண்டக் கூடாது. நீச்சல் என்றால் ஆழம் தெரிந்த குளத்தில், கயிறும் காற்றடித்த டியூபும் கையில் வைத்துக்கொண்டு. காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு அடி வைக்கக் கூடாது. நம்முடையது சரணாலயம், யானை நடமாடும் காடு.

இன்னொன்றைப் பெற்றோரே கேட்கத் தயங்குகிறார்கள், நானே சொல்லிவிடுகிறேன். எந்த முகாமாக இருந்தாலும் பெண் பொறுப்பாளர்கள் எத்தனை பேர், ராத்திரி எங்கே படுப்பார்கள், கழிப்பறைக்கு யார் துணை போவார்கள், எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்ற விதி இருக்கிறதா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 முதல் இருக்கிறது. இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிறவர்களிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள். பதில் திருப்தியாக இருந்தால் தயவுசெய்து பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். பையனை அனுப்பிவிட்டு அக்காளை வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் படித்தவர்கள் வீட்டிலும் இருக்கிறது, அது எனக்கு மிகுந்த வருத்தம்.

சாப்பாடு பற்றிக் கவலையே வேண்டாம். மரச்சீனிக் கிழங்கு மயக்கியதும் நெத்திலிக் கறியும் பிள்ளைகளே சமைத்து, வீட்டில் தொடாததையெல்லாம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

கட்டணம்தான் இன்னும் தீராத விஷயம். தலைக்கு ஐயாயிரம் என்று வைத்தால் வசதியுள்ள பிள்ளைகள் மட்டும் வருவார்கள், நான் சொன்ன கலப்பு நடக்காது. பள்ளிக்கூடக் கட்டடம் விடுமுறையில் சும்மா கிடக்கிறது, தங்க அது போதும். முடிந்தவர்கள் இரண்டு பிள்ளைக்கான செலவைக் கொடுக்கலாம், யார் பணம் யாருக்கு என்று பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது.

இந்த மே மாதம் சுருளோட்டிலிருந்து மணக்குடி வரை நடக்கத் திட்டமிட்டிருக்கிறோம். மலைப்பக்கப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். தூத்தூர், குளச்சல், முட்டம், மணக்குடிப் பக்கத்து ஆசிரியர்கள் யாராவது இதை வாசித்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். ஏழாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, பாதிப் பேர் பெண்பிள்ளைகளாக இருக்க வேண்டும். முதலுதவி தெரிந்த செவிலியர் ஒருவரும், மூன்று நாள் கூடவே நடக்கக்கூடிய இரண்டு அம்மாமாரும் இன்னும் தேவைப்படுகிறார்கள்.