ஜாகிங் போகாத ஊரில் எல்லோரும் ஜாகிங் போகிறார்கள்

நேற்று சாயங்காலம் என் வீட்டுக் கூடத்தில் ஒரு பொண்ணு எதிரே உட்கார்ந்து, "எவ்ரி மார்னிங் ஐ கோ ஃபார் ஜாகிங் இன் எ நியர்பை பார்க்" என்றாள். மணப்பாறைப் பக்கம் கிராமம். நர்சிங் முடித்துவிட்டு திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி. காலையில் எட்டு மணிக்கு டூட்டி முடிந்து ஹாஸ்டலுக்குப் போனதும் போர்வையை இழுத்துப் போர்த்துகிற பிள்ளை.

"எந்தப் பார்க்குடி?" என்றேன்.

சிரித்துவிட்டாள். "கிளாஸ்ல குடுத்த நோட்டுல அப்படித்தான்க்கா இருக்கு."

அந்த நோட்டு எனக்கும் பழக்கம்தான். வெளிநாடு போகிறவர்கள் எழுதுகிற ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையில் ஸ்பீக்கிங் என்ற பேச்சுப் பகுதிக்குப் பேசிப் பழக என்னிடம் வருகிற பிள்ளைகள் ஹெல்த், ஸ்போர்ட்ஸ் என்று ஆரம்பித்தாலே அத்தனை பேரும் விடியற்காலையில் ஓட ஆரம்பித்துவிடுகிறார்கள். அத்தனை பேரும் ஜங்க் ஃபுட்டைத் தொடுவதில்லை. அத்தனை பேருக்கும் ஹெல்த் இஸ் வெல்த். வாசலில் கடைக்காரரிடம் பரோட்டாவுக்குச் சால்னா கூடக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவன்கூட இதைத்தான் சொல்கிறான்.

நக்கலடிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நான் முதல் தடவை அந்தப் பரீட்சை எழுதியபோது, பேச வேண்டிய தலைப்போடு கையில் வந்த அட்டையில், உடல்நலத்துக்காக நீங்கள் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இருந்தது. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தது நீச்சல். காவிரியில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் கரைக்கு ஓடி வருகிற ஆள் நான்! ஐம்பது விநாடியில் சரக்கு தீர்ந்துவிட்டது. எதிரே இருந்த பரீட்சகர் தலையை ஆட்டிக்கொண்டு காத்திருந்தார். அடுத்த கட்டத்தில், வயதான பிறகு நீச்சல் மாதிரி ஒன்றைக் கற்றுக்கொள்வது ஏன் சிரமமாக இருக்கிறது என்று கேட்டார். அதற்கு என் நோட்டில் பதில் இல்லை. "பிகாஸ் ஹெல்த் இஸ் வெல்த்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட்பது, படிப்பது, எழுதுவது மூன்றிலும் ஏழுக்கு மேல், ஸ்பீக்கிங்கில் ஆறு. மறுபடி பணம் கட்டினேன். இன்றைக்கு அந்தப் பரீட்சைக் கட்டணம் 17,000 ரூபாய்க்கு மேலே போய்விட்டது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கிங் பரீட்சை நடப்பது 11 முதல் 14 நிமிடம். முதலில் வீடு, ஊர், சாப்பாடு என்று சின்னச் சின்னக் கேள்விகள். பிறகு அட்டை: ஒரு நிமிடம் யோசித்துக் குறிப்பு எடுக்கலாம், இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். கடைசியில் அதே விஷயத்தை ஒட்டிப் பொதுவான விவாதம். மார்க் போடுவது நான்கே விஷயத்துக்கு: தடங்கல் இல்லாமல் கோர்வையாகப் பேசுகிறீர்களா, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம பங்கு. நீங்கள் ஓடுகிறீர்களா, சர்க்கரை போடாமல் காப்பி குடிக்கிறீர்களா என்பதற்கு அதில் இடமே கிடையாது. "நான் சுத்த சோம்பேறி, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்" என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னால் அதற்கும் மார்க் உண்டு. ஒப்பிக்கிறவரைக் கண்டுபிடிக்கவும் பரீட்சகர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். நாமோ நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கப் போகிற மாதிரி போகிறோம்.

சரி, கதைக்கு வருகிறேன்.

"நீ என்னதான் விளையாடியிருக்க?" என்று தமிழிலேயே கேட்டேன்.

"கபடிக்கா. ஸ்கூல் டீம். ரைட் கார்னர்."

பத்து நிமிடமாக என்னிடம் ஜாகிங் கதை விட்டவள் கபடிக்காரி! ஏன் இதைச் சொல்லவில்லை என்றால், "அத எப்படிக்கா இங்கிலீஷ்ல சொல்றது? அவங்களுக்குக் கபடின்னா என்னன்னே தெரியாதே."

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். தெரியாத ஒன்றைத் தெரிந்த சொற்களால் சுற்றி வளைத்து விளங்க வைக்கிற திறமைக்கு இந்தப் பரீட்சையில் தனி மதிப்பு இருக்கிறது. சொல்வளத்துக்கு மார்க் போடும்போது அதையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். ஜாகிங்கில் விளக்க என்ன இருக்கிறது? கபடியில் பாடி வருகிறவளுக்கு 30 விநாடி. ஒரே மூச்சில் பாடிக்கொண்டு வர வேண்டும், தொட்டுவிட்டுத் தன் பக்கம் திரும்ப வேண்டும். அவளை மடக்க ஏழு பேர். கபடி தெரியாத ஒருவருக்கு இதை விளக்கினால் ஒன்றரை நிமிடம் போவதே தெரியாது.

உடம்பைப் பற்றிப் பேசுவதிலும் இதே கூத்துதான். நமக்கு "சுகர்" என்றால் வியாதி. "மை மதர் இஸ் ஹேவிங் சுகர்" என்றால் எதிரே இருக்கும் பரீட்சகருக்கு அம்மா டீயில் போட்டுக் குடிக்கிற மாதிரிதான் கேட்கும். "ஷி ஹேஸ் டயாபிடிஸ்" என்று சொல்லிப் பழக வேண்டும். "ஐ யூஸ்டு டு கோ ஃபார் வாக்கிங்" என்பது இன்னொன்று. தினமும் போகிறேன் என்ற நினைப்பில் நாம் சொல்கிறோம். முன்னே போனேன், இப்போது விட்டுவிட்டேன் என்று அவர் எடுத்துக்கொள்வார். அப்புறம் நம்ம "உடம்பு சூடு". அதை வெறும் ஹீட் என்று சொன்னால் வெயிலில் மயங்கி விழுந்தீர்களோ என்று நினைப்பார். "எங்க ஊர்ல சில சாப்பாடு உடம்பைச் சூடாக்கும்னு ஒரு நம்பிக்கை. அதனால கோடைல எங்க பாட்டி கோழிக்கறிய நிறுத்திட்டு இளநீர் குடுப்பாங்க" என்று ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் சொல்லிப் பாருங்கள். அது விஞ்ஞானப்படி சரியா என்று அவர் விசாரிக்கப் போவதில்லை.

கடைசிக் கட்டத்தில், மக்கள் ஆரோக்கியத்துக்கு அரசு என்ன செய்யலாம் என்கிற மாதிரி கேள்வி வரும். உடனே எல்லோரும் "கவர்ன்மென்ட் ஷுட் கிரியேட் அவேர்னஸ்". அவேர்னஸுக்கு அடுத்து வாயில் வார்த்தை இல்லை. 2021-இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் பிபி மாத்திரை, சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறதே, உங்கள் பாட்டியே வாங்கிப் போட்டுக்கொள்கிறாரே, அதைச் சொன்னால் என்ன?

கோச்சிங் நடத்துகிறவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் நல்லவள் ஆகப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் ஆங்கிலம் பேசியிராத பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பு வேண்டும். நோட்டு அந்தக் கம்பு. முதல் வாரத்துக்குச் சரி. பரீட்சை அறைக்குள்ளும் அதையே ஊன்றிக்கொண்டு போகச் சொல்வதுதான் அநியாயம். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஸ்பீக்கிங்கில் 7 வேண்டும். எழுத்தில்தான் 6.5-க்கு விடுகிறார்கள். மருத்துவத் துறையினருக்கென்றே இருக்கும் ஓஇடி என்ற ஆங்கிலப் பரீட்சையை எழுதலாமே என்று சிலர் கேட்பீர்கள். நர்ஸுகளுக்கு அது தோதான பரீட்சைதான், எதிரே இருப்பவர் நோயாளியாக நடிப்பார். ஆனால் வந்து உட்காருகிற நோயாளியிடமும் ஜாகிங்கை ஒப்பித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நேற்று நோட்டை மூடி வைத்துவிட்டு, மொபைலில் இரண்டு நிமிடம் டைமர் போட்டேன். முதல் இருபது விநாடி திணறினாள். "ஷி கம்ஸ்... சிங்கிங்... நோ, சேயிங் கபடி, கபடி" என்று திருத்திக்கொண்டாள். அப்புறம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "ஐ டோன்ட் லுக் அட் ஹெர் ஃபேஸ். ஐ லுக் அட் ஹெர் ஆங்கிள்." சொல்லும்போதே இரண்டு கையும் ஒரு கணுக்காலைப் பிடிக்கிற மாதிரி காற்றில் குவிந்தன. மண்டலப் போட்டி, அரையிறுதி, மழை பெய்து சகதியான மைதானம், முழங்காலில் மூன்று தையல். காலச்சொற்கள் இரண்டு மூன்று இடத்தில் சறுக்கின. ஒரு தடவைகூட நின்று மேலே பார்த்து யோசிக்கவில்லை.

டைமர் அடித்தது. பரீட்சையில் இந்த இடத்தில் "தேங்க் யூ" என்று நிறுத்திவிடுவார்கள், அதற்கும் பழக வேண்டுமே என்று நானும் "தேங்க் யூ" என்றேன். மணி ஏழேகால், எட்டுக்கு அவளுக்கு டூட்டி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அக்கா, அந்த மேட்ச்ல யார் ஜெயிச்சாங்கன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே."