மஞ்சளா பச்சையா, அதையாவது சொல்லித் தொலையுங்கள்

எங்கள் வீட்டு ஹாலில் 38 நாளாக ஒரு மூன்றடித் தொட்டி நிற்கிறது. மணல் இருக்கிறது, பாறை இருக்கிறது, 150 லிட்டர் உப்புத் தண்ணீர் இருக்கிறது, அதைச் சுழற்றிக்கொண்டே இருக்க ஒரு பம்ப்பும் இருக்கிறது. மீன் மட்டும் இல்லை. வீட்டுக்கு வருகிற ஒருவர் பாக்கியில்லாமல் கேட்கிறார்கள், "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே, அப்புறம் என்ன, மீனை விட வேண்டியதுதானே?" மீன் கழிவிலிருந்து வருகிற விஷம் அம்மோனியா, அதற்கு நிறம் உண்டா? அது மாறி வருகிற நைட்ரைட்டுக்கு உண்டா? கண்ணாடி மாதிரி இருக்கிற தண்ணீரில்தான் மீன் செவுள் வெந்து சாகும். இதை எத்தனை பேருக்குத்தான் விளக்குவது!

சரி, தெரியாதவர்களை விட்டுவிடலாம். கொளத்தூரில் நான் தொட்டி வாங்கிய கடைக்காரருக்கு என்ன கேடு? "இந்த பாக்டீரியா பாட்டிலை ஊத்துங்க மேடம், நாளைக்கே ரெண்டு க்ளவுன் மீன் விடலாம். செத்தா வேற தரேன்." செத்தால் வேறு தருவதற்கு அது என்ன பல்பா? அதோடு விட்டாரா, குரலைத் தாழ்த்தி, "உயிர்ப் பாறை, பவளம் எல்லாம் வேணும்னா ஏற்பாடு பண்ணலாம்" என்கிறார். உயிர்ப் பாறை என்றால் கடலிலிருந்து கிருமிகளோடு எடுத்த பவளப் பாறை. பாறையைக் கட்டுகிற பவளங்களை 2001லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள், புலி இருக்கிற அதே அட்டவணையில். புலிக்குட்டி வேண்டுமா என்று கேட்கிற மாதிரிதான் இது. அதனால்தான் காய்ந்த செயற்கைப் பாறையை வாங்கினேன், அதில் ஒரு கிருமிகூட இல்லாததால்தான் எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

தண்ணீரிலேயே முதல் அடி. வீட்டு ஆர்ஓ வடிகட்டியில் பிடித்து டிடிஎஸ், அதாவது கரைந்த உப்பின் அளவு, பார்த்தால் 70. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. மெக்கானிக் "டேஸ்ட்டுக்காக" ஒரு திருகாணியைத் திறந்துவைத்து, மெட்ரோ தண்ணீரைக் கொஞ்சம் அப்படியே கலக்க விட்டிருக்கிறார்! அதை மூடிவிட்டு மறுபடி முதலிலிருந்து பிடித்தேன். குடம் குடமாகக் கழிவுத் தண்ணீர் வெளியே வர, அதை வைத்தே அத்தை இரண்டு நாள் மாடி, வாசல் எல்லாம் கழுவினார்.

அப்புறம் அம்மோனியா. அதைத் தின்கிற பாக்டீரியாவை மீன் வருவதற்கு முன்பே வளர்க்க வேண்டும், அதற்குத் தீனியாக அம்மோனியாவை நாமே போட வேண்டும். இறாலைப் போட்டு அழுக விடு என்கிறார்கள், ஹாலில் அது நடக்காது. ஈயம் பூச வைத்திருக்கும் நவச்சாரமும் அம்மோனியம் குளோரைடுதான், ஆனால் அதில் என்ன உலோகம் கலந்திருக்கிறதோ என்று பயந்து, ஆய்வகத் தரத்தில் வாங்கினேன். 150 லிட்டருக்கு 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா, வர ஒரு கிராம் போதும். நகைத் தராசில் நிறுத்துப் போட்டேன். அம்மோனியாவை ஒரு பாக்டீரியாக் கூட்டம் தின்று நைட்ரைட்டாக்கும், அதை இன்னொரு கூட்டம் தின்று நைட்ரேட்டாக்கும். இந்த இரண்டாவது கூட்டம் இருக்கிறதே, நம்ம ஊர் கான்ட்ராக்டர் மாதிரி, வருவேன் வருவேன் என்று சொல்லி மூன்று வாரம் வரவே இல்லை. தினமும் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கிற நைட்ரைட் டெஸ்ட் டியூப், நைட்ரைட் இருக்கிறது என்று காட்டும் கத்திரிப்பூ நிறத்திலேயே நின்றது. கடல் தண்ணீரில் குளோரைடு ஏராளமாக இருப்பதால் நைட்ரைட் செவுள் வழியாக அவ்வளவாக உள்ளே போகாது, நன்னீர்த் தொட்டி அளவுக்குப் பயம் இல்லை. ஆனால் அது இருக்கிறவரை நைட்ரேட் டெஸ்ட்டை நம்ப முடியாது, இல்லாததைக் கூட்டிக் காட்டும். அந்த நைட்ரேட் டெஸ்ட்டின் இரண்டாவது பாட்டிலை அரை நிமிடம் விடாமல் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் படிந்த தூள் கலக்காமல் பூஜ்யம் காட்டும். இதைத் துண்டுச் சீட்டில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள், நான் படித்தது பதினோராம் நாள். அதுவரை எழுதிவைத்த கணக்கெல்லாம் குப்பை.

இதெல்லாம்கூடப் போகட்டும். என் ரத்தக் கொதிப்புக்குக் காரணம், டியூபின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கத் தருகிற அந்த அம்மோனியா அட்டைதான். ஐந்து மில்லி தண்ணீர், முதல் பாட்டிலில் எட்டுச் சொட்டு, இரண்டாவதில் எட்டுச் சொட்டு, ஐந்து நிமிடம் காத்திரு. மஞ்சள் என்றால் பூஜ்யம், லேசாகப் பச்சை கலந்தால் 0.25. லேசாக என்றால் எவ்வளவு? எலுமிச்சம்பழம் பழுத்ததா, பாதி பழுத்ததா? டியூப்லைட்டில் பச்சை, மஞ்சள் பல்பில் மஞ்சள், போனில் படம் எடுத்தால் இரண்டும் இல்லாத ஒரு நிறம். கணவரைக் கேட்டால் "மஞ்சள்தான், மீனை விடு" என்கிறார், டியூபைப் பார்க்காமலே. பையன் "பச்சைம்மா" என்கிறான். வெந்தயத் தண்ணீருக்கும் சீரகத் தண்ணீருக்கும் இருக்கிற வித்தியாசத்தில் ஒரு உயிரின் தலைவிதியை வைத்திருக்கிறார்கள்!

நேற்றோடு நைட்ரைட் ஒருவழியாக நீலமாகி, அதாவது பூஜ்யமாகிவிட்டது. கடைசிச் சோதனையாக மறுபடி ஒரு கிராம் போட்டேன். 24 மணி நேரத்தில் இரண்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். இன்று காலை பார்த்தால் நைட்ரைட் நீலம். அம்மோனியா? அதே இழவெடுத்த மஞ்சள்பச்சை. டியூபைத் தூக்கி எறியப் போன என் கையிலிருந்து அத்தை அதை வாங்கினார். "இதை ஏம்மா லைட்டுல பார்க்கிற? ப்ளவுஸ் பிட்டு மேட்ச் பண்ண கடைக்கு வெளியே எடுத்துட்டுப் போகமாட்டோம்?" என்று வாசலுக்கு நடந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மோனியா இருக்க வழியே இல்லாத தண்ணீர் என்ன நிறம் காட்டும் என்று ஒரு தடவையாவது பார்த்தேனா? இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கிய டிஸ்டில்டு வாட்டர் கேனைத் திறந்து, அதிலும் ஐந்து மில்லி எடுத்து, அதே எட்டு எட்டுச் சொட்டு விட்டேன்.

வெயிலில் இரண்டையும் அத்தை பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே பீஸ்ல வெட்டினதும்மா."

பேட்டரித் தண்ணீரிலும் அட்டைப்படி 0.25. இந்தப் பச்சைக்கு பயந்து எத்தனை நாள் தண்ணீர் மாற்றியிருக்கிறேன், எத்தனை கிலோ உப்பு! அட்டை அடித்தவர் யாரோ, அவரை என் வீட்டுக்கு ஒரு நாள் அனுப்புங்கள். அத்தை அவரைச் சேலைக் கடைக்குக் கூட்டிப் போவார்.