மின்னலுக்குள் அமர்ந்தாரா டெஸ்லா?

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து டியூஷன் வாட்ஸ்அப் குழுக்களில் மின்சாரக் கண்டுபிடிப்பாளர் நிகோலா டெஸ்லாவைப் பற்றிய ஒரு படம் சுற்றுகிறது. ஒரு பாதியில் கையால் மின்னல் வீசும் வீடியோ கேம் டெஸ்லா. மறுபாதியில் தீப்பொறி மழைக்கு நடுவே நாற்காலியில் சாவகாசமாக வாசித்துக்கொண்டிருக்கும் நிஜ டெஸ்லா. "கேம் பொய்யல்ல, மின்சாரம் அவரைத் தொடவே இல்லை" என்று குறிப்பு.

கேம் கற்பனை, அதில் குறையில்லை. புகைப்படம் உண்மையானது, ஆனால் குறிப்பு தவறு. 1899இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் இருந்த அவரது ஆய்வுகூடத்தில் எடுக்கப்பட்ட அந்தப் படம் ஒரே புகைப்படத் தகட்டில் இருமுறை பதிவானது. இருட்டில் மின்பொறி எழுப்பும் இயந்திரத்தை இயக்கிப் பொறிகளைப் பதித்தார்கள். அதை நிறுத்திய பிறகு டெஸ்லா அமர்ந்திருப்பதைப் பதித்தார்கள். தன்னைப் படமெடுத்தபோது பொறி பாயவில்லை என்று அவரே தம் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். விளம்பரக் கலையிலும் மனிதர் கெட்டிக்காரர்தான்!

வதந்திக்கு ஒரு வேர் உண்டு. 1890களின் மேடை விளக்கங்களில் அவர் உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைத் தம் உடலினூடாகச் செலுத்திக் கையிலிருந்த விளக்குகளை ஒளிரவைத்தார். அது கணக்கிட்டுச் செய்தது; அந்த மின்னோட்டத்தின் அதிர்வெண் நொடிக்குப் பல ஆயிரம் அலைவுகள். ஆனால் நம் வீட்டுச் சுவரில் இருப்பது வேறு: 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலைவுகள்தான். அது ஆளைக் கொல்லும்.